சக மாணவர் துணையுடன் கல்லூரி வேதியியல் கற்றல்

சக மாணவர் வழிக் கற்றல் என்பது, ஒரே வகுப்பில் படிப்பவர்களோ ஓராண்டு மூத்தவர்களோ பாடத்தை ஒருவருக்கொருவர் விளக்கியும் கேள்வி கேட்டும் கற்கும் முறை. இது ஆசிரியருக்கு மாற்று அன்று. வகுப்பில் கேட்ட பாடத்துக்கும் தேர்வில் தனியாகக் கணக்குப் போடும் திறமைக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது. அதைக் கடக்க இம்முறை உதவுகிறது.

முதலாண்டு வேதியியலில் இந்த இடைவெளி பெரியது. அதற்கான காரணத்தைக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஜான்ஸ்டன் தெளிவாகக் காட்டினார். வேதியியல் மூன்று தளங்களில் நடக்கிறது: கண்ணால் காணும் நிறமும் வீழ்படிவும் ஒரு தளம், கண்ணுக்குத் தெரியாத அணுக்களும் அயனிகளும் இன்னொரு தளம், கரும்பலகையில் எழுதும் குறியீடும் சமன்பாடும் மூன்றாவது தளம். பல ஆண்டுகள் பழகிய ஆசிரியர் ஒரே வாக்கியத்தில் மூன்றுக்கும் போய்வந்துவிடுவார். புதிய மாணவர் முதல் தாவலிலேயே பின்தங்கிவிடுவார். எந்த இடத்தில் கால் இடறும் என்பது ஆசிரியருக்கு மறந்திருக்கலாம். நேற்றுத்தான் அதே இடத்தில் இடறி எழுந்த தோழிக்கு அது நன்றாக நினைவிருக்கும்.

தம்மம்பட்டியிலிருந்து கல்லூரிக்கு

தம்மம்பட்டி சேலம் மாவட்டத்தின் கெங்கவல்லி வட்டத்தில், கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ள பேரூர். மரச்சிற்பத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. பட்டப்படிப்புக்காக இங்கிருந்து புறப்படுபவர்களுக்கு ஒரு பக்கம் ஆத்தூரை அடுத்த வடசென்னிமலையில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. மறுபக்கம் நாமகிரிப்பேட்டை வழியாகப் போனால் ராசிபுரத்தில் திருவள்ளுவர் அரசு கலைக் கல்லூரி. இரண்டும் 1997இல் தொடங்கப்பட்ட பெரியார் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள்.

இப்பகுதியில் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் மேல்நிலை முடித்தவர்கள் பலர். கல்லூரியில் வேதியியல் நூல்களும் குறிப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளை என்றால் சந்தேகம் கேட்க வீட்டில் ஆள் இல்லை. தனிப்பயிற்சிக்குப் பணமும் இருக்காது. முதல் பருவத்திலேயே இரண்டு தாள் அரியர் விழுந்தால், 'வேதியியல் நமக்கு வராது' என்ற முடிவுக்கு வருவது எளிது. உண்மையில் வராமல் போனது வேதியியல் அன்று, பெரும்பாலும் அதன் ஆங்கிலச் சொற்கள்தான்.

சொல் தரும் உதவியும் இடையூறும்

கலைச்சொல் சிக்கல் சேலத்துக்குப் புதிதன்று. சேலத்தில் வழக்கறிஞராக இருந்த ராஜாஜி, அறிவியலுக்குத் தமிழ்ச் சொற்களை உருவாக்க 1916இல் ஒரு சங்கம் அமைத்தார். வேதியியல், இயற்பியல், தாவரவியல், வானியல், கணிதம் ஆகிய துறைகளுக்கு அது சொற்களை ஆக்கியது. பொது வாசகர்களுக்காக அவர் பிற்காலத்தில் எழுதிய வேதியியல் நூலுக்குத் 'திண்ணை ரசாயனம்' என்று பெயர். திண்ணையில் உட்கார்ந்து பேசும் தமிழில் வேதியியலைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை அந்தத் தலைப்பிலேயே தெரிகிறது.

தமிழ்வழி மாணவர்கள் தங்களிடம் ஒரு முதல் இருப்பதைக் கவனிப்பதில்லை. கரைபொருள், கரைப்பான், கரைசல் என்ற மூன்று சொற்களையும் பாருங்கள்: எது கரைகிறது, எது கரைக்கிறது, கிடைப்பது எது என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது. ஆங்கிலவழியில் படித்தவர் சால்யூட், சால்வென்ட், சொல்யூஷன் என்று மனப்பாடம் செய்து, தேர்வில் முதல் இரண்டையும் மாற்றி எழுதுவதுண்டு. கேட்டலிஸ்ட் என்பதை விட வினைவேகமாற்றி தன் வேலையைத் தானே அறிவிக்கிறது.

மறுபுறம் தமிழ்ச்சொல் வழிதவறச் செய்யும் இடங்களும் உண்டு. 'ஆக்சிஜனேற்றம்' என்றதும் ஆக்சிஜனைத் தேடுகிறோம். சோடியம் குளோரினுடன் சேர்ந்து சாப்பாட்டு உப்பாகும்போது சோடியம் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அங்கே ஆக்சிஜனே இல்லை, ஓர் எலக்ட்ரான் இழக்கப்படுகிறது, அவ்வளவுதான். 'சமநிலை' இன்னும் ஏமாற்றும். வினைபடு பொருளும் வினைவிளை பொருளும் சம அளவில் இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். சமமாக இருப்பவை முன்னோக்கு வினையின் வேகமும் பின்னோக்கு வினையின் வேகமும்தான். ஹைட்ரஜனையும் அயோடினையும் சம மோல் எடுத்து ஏறத்தாழ 450 பாகை செல்சியசில் வைத்தால் சமநிலை மாறிலி 50ஐ ஒட்டி இருக்கும். ஹைட்ரஜனில் ஏறத்தாழ 78 விழுக்காடு ஹைட்ரஜன் அயோடைடாக மாறிய பிறகே சமநிலை வரும்.

ஆகவே தமிழ்வழியில் வந்தவரும் ஆங்கிலவழியில் வந்தவரும் சேர்ந்து உட்காரும் குழுவில் இருவருக்கும் ஆதாயம். ஒருவர் பொருளைத் தருகிறார், மற்றவர் தேர்வுக்கு வேண்டிய சொல்லைத் தருகிறார். தமிழ்வழி மாணவர்கள் தங்களுக்குள் மட்டும் சேர்ந்து ஒதுங்கி உட்காருவது பல வகுப்புகளில் காணும் காட்சி; அது இரு தரப்புக்கும் இழப்பு.

ஒரு கணக்கு

சேர்ந்து படித்தல் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு தரம்பார்த்தல் கணக்கில் காணலாம். 0.1 மோலார் சல்பியூரிக் அமிலம் 20 மி.லி. உள்ளது. அதை நடுநிலையாக்க 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு எவ்வளவு வேண்டும்?

பள்ளியில் பழகிய 'வி1 என்1 = வி2 என்2' கை தானாக ஓடும். நார்மாலிட்டி இருக்க வேண்டிய இடத்தில் மோலாரிட்டியைப் போட்டால் 20 மி.லி. என்று விடை வரும். அது தவறு. புத்தகத்தின் பின்பக்கத்தைப் பார்த்து 40 என்று திருத்திக்கொண்டால் அடுத்த கணக்கிலும் அதே தவறு நேரும். பக்கத்தில் இருப்பவர், 'ஒரு சல்பியூரிக் அமில மூலக்கூறு எத்தனை புரோட்டானைக் கொடுக்கும்?' என்று மட்டும் கேட்டால் போதும். இரண்டு கொடுக்கும், ஒரு ஹைட்ராக்சைடு அயனி ஒன்றைத்தான் வாங்கும், எனவே காரம் இரு மடங்கு, 40 மி.லி. இங்கே உதவி செய்தது அந்தக் கேள்விதான். விடையைச் சொல்லியிருந்தால் உதவி பாதியிலேயே நின்றிருக்கும்.

மோல் கருத்தும் அப்படித்தான். 6.022 × 10²³ என்ற எண்ணைப் பார்த்து மலைப்பவரிடம், 180 கிராம் தண்ணீர் பிடிக்கும் டம்ளரைக் காட்டி, 'ஒரு மோல் தண்ணீர் 18 கிராம். இதில் எத்தனை மோல்?' என்று கேளுங்கள். பத்து என்று அவரே சொல்லிவிடுவார். முட்டையை டஜனில் எண்ணுவது போல மூலக்கூறை மோலில் எண்ணுகிறோம் என்பது அதன் பிறகு எளிதில் ஏறும்.

சென்னையிலிருந்து போன முறை

மாணவரே மாணவருக்குக் கற்பிப்பது மேலைநாட்டுப் புதுமை என்று கருதுவோர் உண்டு. நம் திண்ணைப் பள்ளிகளில் ஆசிரியருக்கு அடுத்து சட்டாம்பிள்ளை இருந்தார். முந்திப் படித்த அந்த மாணவரே இளையவர்களுக்குப் பாடம் கேட்பார். 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியைக் கவனித்து வந்த ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்த முயன்றார். உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. மூத்த மாணவர்களைக் கொண்டே இளையவர்களுக்குக் கற்பித்தார். இங்கிலாந்து திரும்பி 1797இல் அவர் வெளியிட்ட சிறுநூலால் அது 'மெட்ராஸ் முறை' என்று அங்கே பரவியது. பெருங்கூட்டத்துக்குக் குறைந்த செலவில் எழுத்தும் எண்ணும் சொல்லித்தரவே அது பயன்பட்டது. ஒப்பித்தலே அதில் அதிகம். இன்றைய முறை வேறுபடுவது இந்த இடத்தில்தான்.

1990களின் தொடக்கத்தில் நியூயார்க் சிட்டி கல்லூரியில் முதலாண்டு வேதியியலுக்காகவே ஒரு முறை உருவானது. அதே பாடத்தை அண்மையில் நன்றாக முடித்த மாணவர் ஒருவர், ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட குழுவை வாரந்தோறும் நடத்துவார். அவர் பாடம் எடுப்பதில்லை. கணக்குகளுக்கு விடைத்தாளும் தரப்படுவதில்லை. விடை சரியா என்பதைக் குழுவே வாதாடி முடிவு செய்ய வேண்டும். அதே காலத்தில் ஹார்வர்டில் எரிக் மசூர் இயற்பியல் வகுப்பில் வேறு வழியைக் கையாண்டார்: ஒரு கேள்வி, தனித்தனியே வாக்கு, பக்கத்தவருடன் விவாதம், மறுபடி வாக்கு. கொதிக்கும் நீரின் குமிழிக்குள் இருப்பது காற்றா, ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமா, நீராவியா என்று கேட்டுப் பாருங்கள். வேதியியல் மாணவர்களே பிரிந்து நிற்பார்கள். விடை நீராவி.

விவரம் தெரிந்த ஒருவரைப் பார்த்து மற்றவர்கள் விடையை மாற்றிக்கொள்கிறார்கள், அவ்வளவுதானே என்ற ஐயம் நியாயமானது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் மரபியல் வகுப்பில் இதைச் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். விவாதத்துக்குப் பின், அதே கருத்தைச் சார்ந்த வேறொரு கேள்வியைத் தனியாக விடையளிக்கச் சொன்னார்கள். தொடக்கத்தில் குழுவில் ஒருவருக்குமே சரியான விடை தெரியாதிருந்த இடங்களிலும் முன்னேற்றம் இருந்தது. வாதாடும் செயலே புரிதலை உண்டாக்கியது.

பயணத்திலும் ஆய்வகத்திலும்

தம்மம்பட்டிப் பக்கத்து மாணவர்கள் பலருக்கு நாள்தோறும் பேருந்துப் பயணம் உண்டு. கணக்குப் போட அது ஏற்ற இடமில்லை. வாய்மொழிக் கேள்விக்கு ஏற்றது. குவாண்டம் எண்கள், ஆக்சிஜனேற்ற எண் காணும் விதிகள், இனக்கலப்பும் வடிவமும் ஆகியவற்றை இருவர் மாறி மாறிக் கேட்டுக்கொள்ளலாம். கணக்குக்கு வாரம் ஒருமுறை நான்கைந்து பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். முதலில் ஒவ்வொருவரும் தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டு வர வேண்டும். வெறுங்கையோடு வருபவர் மற்றவர் போடுவதைப் பார்த்து 'புரிந்துவிட்டது' என்று எண்ணிக்கொண்டு போவார். குழு முழுவதும் ஒரே தவறான விடையில் ஒத்துப்போவதும் நடக்கும். ஒத்துப்போகாத கணக்கை மட்டுமல்லாமல், ஒத்துப்போன கணக்கில் ஒன்றிரண்டையும் ஆசிரியரிடம் காட்டிச் சரிபார்ப்பது நல்லது.

செய்முறை வகுப்பில் நட்பு இடம் மாறி உதவுவதும் உண்டு. பினாப்தலீன் வெளிர் இளஞ்சிவப்புக்குத் திரும்பும் அந்தக் கடைசித் துளிக்குக் குழாய்த் திருகியை எப்படிப் பிடிப்பது என்று தோழர் காட்டித் தரலாம். பியூரெட்டின் நீர்மட்டத்தைக் கண்ணுக்கு நேராக வைத்துக் கீழ்வளைவைப் படிக்கச் சொல்லித் தரலாம். அவருடைய அளவீட்டை வாங்கி எழுதிக்கொள்வது வேறு கதை. பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வில் உங்களுக்கும் அவருக்கும் தரும் கரைசல்களின் செறிவு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அடர் அமிலம் கையாளும் சோதனைகளில் தோழரின் நினைவை நம்பி இறங்கக் கூடாது. நீர்க்கச் செய்யும்போது அமிலத்தைத்தான் நீரில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். நீரை அடர் சல்பியூரிக் அமிலத்தில் ஊற்றினால் வெப்பம் மிகுந்து அமிலம் முகத்தில் தெறிக்கும். உப்புப் பகுப்பாய்வில் நைட்ரேட்டுக்குரிய பழுப்பு வளையச் சோதனையை முதல் முறை செய்யும்போது, ஆசிரியரோ ஆய்வக உதவியாளரோ அருகில் நிற்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.