சர்வர் வாங்காமலே ஆராய்ச்சி

ஆராய்ச்சிக்குப் பெரிய கணினி வேண்டுமே என்று தயங்கும் நம் கல்லூரிப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறோம். 'சர்வர்லெஸ்' என்றால் சர்வரே இல்லை என்பதல்ல. மாவு அரைக்க நாம் மில்லையா வாங்குகிறோம்? அரைத்த அளவுக்குக் கூலி கொடுக்கிறோம். அதே கணக்குதான். அமேசானின் 'லாம்டா' 2014-இல் இப்படித்தான் வந்தது. வருசநாட்டு மலைகளின் மழைப்பதிவை ஆண்டுவாரியாகப் பிரித்து அனுப்பினால், ஒவ்வோர் ஆண்டையும் ஒரே நேரத்தில் தனித்தனியே கணக்கிட்டுவிடும். ஓடிய நேரத்துக்கே கட்டணம். சிறிய அளவுக்கு இலவசமும் உண்டு.

ஆனால் ஓர் ஓட்டம் 15 நிமிடத்தைத் தாண்டாது. நாள்கணக்கில் ஓடும் வேலைக்கு, 2022-இல் திருச்சி என்.ஐ.டி.யில் தொடங்கிய 'பரம் பொருள்' போன்ற மீத்திறன் கணினிதான் சரி.

பெற்றோர் கவனத்துக்கு: கணக்கு தொடங்கக் கார்டு எண் கேட்பார்கள். நிரலில் பிழை இருந்து திரும்பத் திரும்ப ஓடினால் பில் ஏறும். செலவு எச்சரிக்கையை முதலிலேயே வைக்கச் சொல்லுங்கள். அது தகவல்தான் அனுப்பும். ஓட்டத்தைப் பிள்ளைதான் நிறுத்த வேண்டும்.