உங்களுக்குத் தெரியுமா? அகராதிக்குச் சாட்சி சொல்லும் கதைகள்

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் கம்பெனி பஸ்ஸில், கண் அசருவதற்குள் இதைப் படித்து முடித்துவிடலாம். சொல்லுக்குப் பொருள் எழுதுவது அகராதிக்காரரின் பாதி வேலைதான். அந்தப் பொருளில் யார், எந்த நூலில் எழுதினார் என்று காட்டுவது மறுபாதி.

● ஊர்க்காரர் வரமாட்டார், சீடர் வழி வருவார்
ஸ்ரீபெரும்புதூரில் 1017-இல் பிறந்தவர் என்று மரபு சொல்லும் இராமானுசருடைய நூல்கள் ஒன்பது. ஒன்பதும் வடமொழியில்! எனவே ஒரு தமிழ்ச் சொல்லுக்கு அவர் எழுத்தை மேற்கோள் காட்ட வழியில்லை. ஆனால் அவருடைய கட்டளைப்படி திருக்குருகைப்பிரான் பிள்ளான் திருவாய்மொழிக்கு 'ஆறாயிரப்படி' என்ற உரையை எழுதினார். அந்த உரை வரிசையில் பின்னால் வந்த 'ஈடு', சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் மேற்கோள் நூல்களுள் ஒன்று. 32 எழுத்து சேர்ந்தால் ஒரு படி. ஈட்டின் அளவு 36,000 படி.

● பட்ஜெட்டைத் தாண்டிய அகராதி
லெக்சிகனின் ஆறு தொகுதிகளும் 1924 முதல் 1936 வரை வெளிவந்தன. சொற்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். ஒரு லட்சம் ரூபாயில் முடியும் என்று தொடங்கிய வேலை நான்கு லட்சத்தைத் தாண்டிவிட்டது. பதிப்பாசிரியராக இருந்து முடித்துக் கொடுத்தவர் எஸ். வையாபுரிப் பிள்ளை. சங்கப் பாட்டு, கல்வெட்டு, வீராசாமி செட்டியாரின் 'விநோதரசமஞ்சரி' என்று பலவற்றிலிருந்தும் மேற்கோள் எடுத்தார்கள். பேச்சில் மட்டும் புழங்கிய சொல்லையும் விட்டுவிடாமல், வட்டார வழக்கு என்ற குறிப்போடு சேர்த்தார்கள். இன்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் அதைக் காசில்லாமல் தேடிப் பார்க்கலாம்.

● உயிரோடு இருப்பவர் வேண்டாம்!
1755-இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள் உண்டு. வாழும் எழுத்தாளர்களைச் சேர்ப்பதில்லை என்பது அவர் வைத்துக்கொண்ட விதி. சில இடங்களில் அவரே அதை மீறினார். ஆக்ஸ்போர்டு அகராதிக்கோ ஊர்மக்கள்தான் உழைத்தார்கள். பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரே 1879-இல் விடுத்த வேண்டுகோளைப் பார்த்து, பொதுவாசகர்கள் புத்தகங்களிலிருந்து வரிகளைச் சீட்டுகளில் எழுதி அனுப்பினார்கள். 1928-இல் முதல் பதிப்பு முடிந்தபோது அதில் இருந்த மேற்கோள்கள் சுமார் 18 லட்சம்.

● தஞ்சாவூர் நீதிபதியின் சொல் வேட்டை
கட்டுமரம், சுருட்டு போன்ற நம் சொற்கள் ஆங்கிலத்துக்குள் எப்போது நுழைந்தன என்பதை ஆண்டு வாரியாக மேற்கோளோடு காட்டுகிறது 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான ஏ.சி. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். 1886-இல் நூல் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை.

● இணையத்தில் ஏன் இவ்வளவு கல்கி?
யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்தக்கூடிய தமிழ் விக்சனரி 2004-இல் தொடங்கியது. அதில் பல சொற்களின் கீழே 'இலக்கியப் பயன்பாடு' என்று ஒரு பகுதி இருக்கும். பொன்னியின் செல்வன், சிவகாமியின் சபதம் போன்ற கல்கி நாவல்களின் வரிகளை அங்கே பார்க்கலாம். கல்கி நன்றாக எழுதினார் என்பது மட்டும் காரணமல்ல. அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆனவை. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் அவற்றை எழுத்து வடிவில் இணையத்தில் ஏற்றியது. ஒரு சொல்லைத் தட்டினால் வரி வந்து நிற்கும். எழுத்தாளர் ஜெயகாந்தனின் நிலை வேறு; அவர் காலமானது 2015-இல். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த பின்னும் 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு. ஓரிரு வரி மேற்கோளுக்கு அது தடையில்லை. ஆனால் முழு நூலும் தேடலுக்குக் கிடைக்காது. புத்தகத்தைப் புரட்டித்தான் எடுக்க வேண்டும். புரட்ட ஆள் குறைவு!

● பல்லவர் பேச்சுக்குக் கல்கி சாட்சியா?
சிவகாமியின் சபதத்தின் கதை நடப்பது ஏழாம் நூற்றாண்டுக் காஞ்சியில்; ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பேட்டைகளிலிருந்து அதிக தூரமில்லை. ஆனால் அது பத்திரிகையில் தொடராக வந்தது 1940-களில். நரசிம்மவர்மர் அதில் ஒரு சொல்லைப் பேசினால், 1940-களின் தமிழில் அந்தச் சொல் இருந்தது என்பதற்குத்தான் அது ஆதாரம். பல்லவர் காலத்துக்குச் சாட்சி வேண்டுமென்றால் அப்பர் தேவாரத்தையும் அக்காலக் கல்வெட்டுகளையும் பார்க்க வேண்டும். மேற்கோளோடு நூல் வந்த ஆண்டையும் சேர்த்துப் போட வேண்டும் என்பது இதனால்தான்.

● பக்க எண் கைகொடுக்காது
பொன்னியின் செல்வனைப் பல பதிப்பகங்கள் அச்சிட்டிருக்கின்றன. ஒருவருக்கு 212-ஆம் பக்கம், இன்னொருவருக்கு 260. ஐந்து பாகமும் அத்தியாய எண்ணும் மாறுவதில்லை. ஆகவே பாகம், அத்தியாயம் என்று குறிப்பதே நல்லது. வரியைச் சுருக்கக் கூடாது, எழுத்தைத் திருத்தவும் கூடாது.

● நாவலாசிரியர்கள் போட்ட அகராதிகள்
கதையிலிருந்து அகராதிக்குச் சொல் போவது வழக்கம். கதைக்காரரே அகராதி போட்டதும் உண்டு. கி. ராஜநாராயணன் கரிசல் வழக்குச் சொற்களைத் தொகுத்தார் (1982). பெருமாள்முருகன் கொங்குச் சொற்களுக்கு அகராதி தந்தார். 'நடுநாட்டுச் சொல்லகராதி'யைத் தொகுத்த கண்மணி குணசேகரன், அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே 'அஞ்சலை' போன்ற நாவல்களை எழுதியவர்.

● 'சிப்காட்' ஒரு சொல்லா?
1971-இல் தொடங்கிய, தொழிற்பேட்டைகள் அமைக்கும் தமிழ்நாடு அரசு நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம் அது. இப்போது "சிப்காட்ல வேலை", "சிப்காட் ஸ்டாப்பிங்" என்று இடப்பெயராகவே புழங்குகிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கியதற்குப் பிறகு, எத்தனையோ மாவட்டத்துப் பேச்சும் ஷிப்ட், ஓ.டி., லைன், கான்ட்ராக்ட் என்ற சொற்களும் இங்கே கலந்துவிட்டன. ஆங்கில விக்சனரியில் ஓர் ஆங்கிலச் சொல்லை நிறுவுவதற்கு, குறைந்தது ஓராண்டு இடைவெளியில் வந்த மூன்று தனித்தனி எழுத்துச் சான்றுகள் வேண்டும் என்பது பொது விதி. அந்தக் கணக்கைத் தமிழுக்கும் வைத்துப் பார்த்தால், நாள் முழுக்கப் பேசினாலும் போதாது. கதையில், கட்டுரையில், செய்தியில் அச்சேற வேண்டும்.

● நீங்களும் சீட்டு அனுப்பலாம்
அடுத்த முறை ஒரு நாவலில் தொழிற்சாலைச் சொல் கண்ணில் பட்டால் ஐந்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: முழு வாக்கியம், ஆசிரியர், நூல், ஆண்டு, அத்தியாயம். மர்ரேயின் வாசகர்கள் தபால்தலை ஒட்டி அனுப்பினார்கள். தமிழ் விக்சனரியில் சேர்க்க உங்களுக்குக் கையில் இருக்கும் போனே போதும்.