செம்மண் சாலையில் அலை எங்கிருந்து வந்தது?

தெற்கு ஆஸ்திரேலியாவின் மாரீ என்ற சிற்றூரில் தொடங்கி மார்லா வரை சுமார் 620 கிலோமீட்டர் ஓடுகிறது ஊட்னடாட்டா தடம். தார் கிடையாது, செம்மண்ணும் சரளையும்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி சகிதம் மோட்டார்ஹோமில் இங்கே நாள்கணக்கில் ஊர்ந்துகொண்டிருப்பார்கள். ஊரை வேடிக்கை பார்க்கத்தான் இந்த நிதானம் என்று நினைத்தால் பாதிதான் சரி. மீதிக்குக் காரணம் சாலை.

சாலையின் குறுக்கே, முக்கால் மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் சின்னச் சின்ன வரப்புகள். உயரம் சில சென்டிமீட்டர்தான். ஆனால் அவற்றின்மேல் ஐந்து டன் வண்டி போகும்போது அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொள்ளும், ஸ்குரூக்கள் கழன்று தரையில் உருளும், ஷாக் அப்சார்பர் கைவைக்க முடியாதபடி கொதிக்கும்.

இந்த வரப்புகளை யாரும் போடவில்லை. காற்றும் மழையும் செய்த வேலையும் அல்ல. சக்கரங்களே போட்டவை. 1963-இல் ஆஸ்திரேலிய இயற்பியலாளர் கீத் மேத்தர் இதைப் பற்றி ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் விரிவாக எழுதினார். 2007-இல் டேபர்லே, மோரிஸ், மெக்எல்வெய்ன் ஆகிய மூவர் சுழலும் மேசையில் மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு ரப்பர் சக்கரத்தை உருளவிட்டார்கள். கொஞ்ச நேரத்திலேயே அலைகள் எழுந்தன. மணலுக்குப் பதில் அரிசியைக் கொட்டிப் பார்த்தார்கள். அப்போதும் அதே அலை. வண்டியின் ஸ்பிரிங்தான் குற்றவாளி என்ற பழைய நம்பிக்கை அதோடு போயிற்று. ஸ்பிரிங் இல்லாத சக்கரமும் அலை எழுப்புகிறது.

நடப்பது இதுதான். சமதளத்தில் கண்ணுக்கே தெரியாத ஒரு மேடு இருந்தால் போதும், சக்கரம் லேசாக எம்பும். விழுகிற இடத்தில் மண்ணை அழுத்தி முன்னால் தள்ளும். அங்கே இன்னொரு மேடு. அடுத்த வண்டி அதே இடத்தில் இன்னும் கொஞ்சம் எம்பும். குளத்தில் ஓட்டாஞ்சில்லைத் தட்டையாக வீசினால் தத்தித் தத்திப் போகுமே, ஏறக்குறைய அந்தக் கணக்குதான். சில்லு தத்துவதற்கு ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். அலை எழுவதற்கும் அப்படி ஒரு வேகம் வேண்டும். சாதாரணக் காருக்கு அது மணிக்குச் சுமார் 8 கிலோமீட்டர் என்கிறது ஆய்வு. அதற்குக் கீழே எல்லாரும் ஓட்டினால் சாலை தட்டையாகவே இருக்கும். ஆனால் மாரீயிலிருந்து மார்லா போய்ச் சேர 77 மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க வேண்டும்!

‘எண்பதில் மிதித்தால் குலுக்கலே தெரியாது’ என்பார்கள் உள்ளூர் ஓட்டுநர்கள். பொய்யில்லை. அந்த வேகத்தில் டயர் பள்ளத்தில் இறங்காமல் முகட்டிலிருந்து முகட்டுக்குத் தாவும். தாவுகிற டயருக்குத் தரையில் பிடிப்பு ஏது? குறுக்கே ஒரு கங்காரு வந்தால் பிரேக்கும் கேட்காது, ஸ்டியரிங்கும் கேட்காது. தலைகனத்த மோட்டார்ஹோமுக்கு இந்த வித்தை ஆகவே ஆகாது. டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு மெதுவாகப் போவதே வழி. தார்ச்சாலை ஏறியதும் மறக்காமல் காற்றடித்துக்கொள்ள வேண்டும்.

மெதுவாகப் போகிறவர்களுக்கு, தடத்தில் உள்ள வில்லியம் கிரீக் என்ற சிற்றூருக்குத் தெற்கே ‘பப்ளர்’ ஊற்று கண்ணில் படும். குட்டையின் அடியில் சாம்பல் நிற மணல் வட்டமாகப் புரண்டு எழும்பி, குமிழியாக உடையும். 17 லட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பரந்த ஆர்ட்டீசியன் நிலத்தடி நீர்ப்படுகையின் நீர் அது. தொலைதூரக் கிழக்கு மலைகளில் பெய்த மழை, பாறைக்குள் ஆண்டுக்குச் சில மீட்டர் வீதம் நகர்ந்து இங்கே வெளிவருகிறது. இப்பகுதியின் பூர்வகுடிகளான அரபானா மக்களுக்கு இந்த ஊற்றுகள் புனிதமானவை. இறங்கிக் குளிக்கக் கூடாது.

போக நினைப்பவர்கள் மே முதல் ஆகஸ்ட் வரை போங்கள். கோடை அவ்வளவு கடுமை: 1960 ஜனவரி 2 அன்று ஊட்னடாட்டா ஊரில் பதிவான வெப்பம் 50.7 டிகிரி செல்சியஸ். மழை பெய்தால் தடத்தையே மூடிவிடுவார்கள். கிளம்பும் முன் சாலை நிலவரம் கேளுங்கள். வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தை ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள். தாரில்லாத சாலையில் ஓட்டக் கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலானவற்றில் உண்டு.