ஒலியும் வெளியும் – 12: பெட்டியின் பின்புறத்து அளவீடு

ஒலிவாங்கி எத்திசையில் வரும் ஒலியைக் கூர்ந்து ஏற்கிறது, எத்திசையில் வருவதைத் தள்ளிவிடுகிறது என்பதையும், அவ்வேறுபாட்டைத் தாளில் வரைந்தால் கிடைக்கும் இதய வடிவத்தையும் சென்ற இதழ் விளக்கியது. அதே வடிவத்தில் ஒலியை வெளியிடுமாறு அமைக்கப்படும் சிறிய கலையக ஒலிபெருக்கிகளைப் பற்றியும், அவற்றோடு வெளியிடப்படும் அளவீட்டு வரைபுகளை வாசிக்கும் முறையைப் பற்றியும் இவ்விதழ் பேசுகிறது. கலையக ஒலிபெருக்கி என்பது பதிவிலுள்ள குறையை அழகுபடுத்தாமல் உள்ளபடி காட்ட வேண்டிய கருவி. மின்பெருக்கியைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தால் அது இயங்கு ஒலிபெருக்கி எனவும் வழங்கப்படும்.

உடப்புக் கரையில் கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடலைப் பதிவுசெய்து, பின்னர் வீட்டின் ஓர் அறையில் அதைச் சீர்செய்ய முனையும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். சீமெந்துக் கல் சுவரும் தரையோடும் கொண்ட சிறிய அறை அது. புத்தளம் கரையோரத்து வீடுகளில் இத்தகைய அறையே பெரும்பாலும் கிடைக்கும். ஆண்குரலின் அடிப்படை மீடிறன், அதாவது ஒரு செக்கனில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை, ஏறத்தாழ 100 முதல் 200 ஹேர்ட்ஸ் வரையான பகுதியில் அமைகிறது. 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒலி செக்கனுக்குச் சுமார் 349 மீற்றர் செல்வதால், 145 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 2.4 மீற்றராகும். 20 சதமமீற்றர் அகலமுள்ள பெட்டியால் அவ்வளவு நீண்ட அலையை முன்புறத்துக்கு மட்டும் செலுத்த இயலாது. அது பெட்டியைச் சுற்றிக்கொண்டு பின்புறமும் பக்கங்களும் எங்கும் பரவிவிடும்.

ஒலிமூலத்தின் பருமனோடு ஒப்பிட அலைநீளம் குறையக் குறைய ஒலி ஒருதிசைப்படும் என்னும் இவ்விதி கடலுக்கும் பொருந்தும். கற்பிட்டிக் கடலில் கூட்டமாகத் திரியும் சுழல் ஓங்கில்களின் இனத்தை ஹவாயில் ஆராய்ந்த லாமர்ஸ், ஔ ஆகிய இருவரும், அவற்றின் சீழ்க்கையொலியில் அடிப்படை மீடிறனைவிட அதன் மேற்சுரங்களே முன்னோக்கி மிகுதியாகக் குவிகின்றன என 2003இல் எழுதினர். விலங்காயினும் பெட்டியாயினும், ஒரு திசையில் மட்டும் எடுத்த அளவீடு அந்த மூலத்தின் இயல்பை முழுமையாகச் சொல்லாது.

பின்புறம் செல்லும் ஒலி என்ன செய்கிறது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். பெட்டியின் முகப்பிலிருந்து பின்சுவர் 60 சதமமீற்றர் தொலைவிலும், கேட்பவர் முன்னே 120 சதமமீற்றர் தொலைவிலும் இருப்பதாகக் கொள்வோம். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி நேரொலியைவிட 1.2 மீற்றர் கூடுதலாகப் பயணிக்கிறது. இது 145 ஹேர்ட்ஸ் அலையின் நீளத்தில் சரிபாதி என்பதால், இரண்டும் எதிரெதிராகச் சந்தித்து ஒன்றையொன்று குறைக்கின்றன. இரு மடங்கு தொலைவு வந்த தெறிப்பொலி பாதி வலிமையோடு வந்துசேரும் எனக் கொண்டால், எஞ்சும் ஒலியழுத்தமும் பாதியே, அதாவது 6 டெசிபெல் குறைவு. அம்பாப் பாடலின் குரல்கள் மெலிந்து கேட்கும். சீர்செய்பவர் அப்பகுதியை வீணாகக் கூட்டிவிடுவார். வேறோர் இடத்தில் கேட்கும்போது பாடல் உப்பிக் கனத்து ஒலிக்கும். அதே பெட்டி பின்புறம் 15 டெசிபெல் குறைவாக ஒலித்திருந்தால் இப்பள்ளம் 1 டெசிபெலுக்கும் குறைவாகச் சுருங்கியிருக்கும்.

இக்குறைப்பைப் பெறும் வழிகள் இரண்டு. செருமனியின் கைத்தைன் நிறுவனமும் நெதர்லாந்தின் டச் அண்ட் டச் நிறுவனமும், பெட்டியின் உட்புறத்து ஒலியைத் தடையூட்டும் பொருளின் வழியாகச் சற்றுத் தாமதித்து வெளிவிடும் திறப்புகளை அமைத்தன. அத்தாமதித்த ஒலி, முகப்பிலிருந்து சுற்றிவரும் ஒலியைப் பின்புறத்தில் அழிக்கிறது. கீ திறீ என்னும் ஒலிபெருக்கியோ ஒலிப்பிகளை, அதாவது அதிர்ந்து ஒலியெழுப்பும் உறுப்புகளை, ஆறாகக் கொண்டு, அவற்றைத் தனித்தனி மின்பெருக்கிகளால் இயக்கி, எண்முறைக் கணக்கீட்டின் மூலம் அதே அழிவை நிகழ்த்துகிறது. முழுமையான இதய வடிவம் என்பது பக்கவாட்டில் 6 டெசிபெல் குறைந்து, நேர்ப்பின்னே ஒலியே அற்றிருப்பதாகும். முன்னே ஒரே அளவு ஒலிக்க, அது அறைக்குள் சிந்தும் மொத்த ஒலித்திறன் எல்லாத் திசையிலும் பரப்பும் மூலத்தினதில் மூன்றில் ஒரு பங்கே. இவ்வேறுபாட்டைத் திசைக்குவிவுச் சுட்டி என்னும் கோடு 4.8 டெசிபெல் எனக் காட்டும்.

கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் ஃபுளோயிட் டூல் தொடங்கிய ஆய்வுகளின் வழி வளர்ந்து, இன்று சீடிஏ 2034 என வழங்கும் தரமுறை, பெட்டியைக் கிடையாகவும் நிலையாகவும் 10 பாகைக்கு ஒருமுறை சுழற்றி 70 அளவீடுகளை எடுக்கச் சொல்கிறது. வாசிப்பவர் முன்திசைக் கோட்டின் சமதளத்தோடு நின்றுவிடாமல் திசைக்குவிவுச் சுட்டியை நாட வேண்டும். அச்சுட்டி எந்த மீடிறனில் 4, 5 டெசிபெலை எட்டுகிறது, அங்கிருந்து மேலே மேடுபள்ளமின்றி ஏறுகிறதா என்பவையே முதற்கேள்விகள். சிறிய பெட்டிகள் பலவற்றில் ஏறத்தாழ 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே இதய வடிவம் கலைந்துவிடுவதால், அதற்குக் கீழ்ப்பட்ட ஒலிகளுக்குச் சுவரும் அறையும் முன்போலவே பொறுப்பாகின்றன.

இரண்டாவது கேள்வி அளவீட்டு முறையைப் பற்றியது. 3 மீற்றர் உயரமுள்ள அறையின் நடு உயரத்தில் பெட்டியை வைத்து 1 மீற்றரில் அளந்தால், தரையின் தெறிப்பொலி சுமார் 6 மில்லிசெக்கனில் வந்துவிடும். அதற்கு முந்திய பகுதியை மட்டும் வெட்டியெடுத்தால் 160 ஹேர்ட்ஸுக்குக் கீழே வரைபு எதையும் சொல்லாது. ஒலிவாங்கியை ஒலிப்பியின் அருகே நெருக்கி வைக்கும் வழக்கமான மாற்றுவழியும் இங்கு உதவாது, ஏனெனில் முகப்பொலியும் திறப்பொலியும் தொலைவில் கலந்த பின்னரே இதய வடிவம் உருவாகிறது. செருமனியின் கிளிப்பெல் நிறுவனத்தின் அண்மைப்புல வருடி போன்ற கருவி இல்லாதோருக்கு எஞ்சுவது திறந்தவெளி: பாடசாலையொன்றின் கொங்கிறீற்றுக் கரப்பந்தாட்டத் தளத்தில் பெட்டியையும் ஒலிவாங்கியையும் தரையிலேயே வைத்து, பெட்டியைச் சுழற்றி அளக்கலாம்.

புத்தளம் கரையில் அதற்குத் தடை காற்று. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மாம்புரியின் காற்றாலைகளுக்கு வரம். ஆனால் ஒலிவாங்கியில் அது எழுப்பும் இரைச்சல் தாழ்ந்த மீடிறன்களிலேயே மிகுதி. முன்புறம் 80 டெசிபெல் காட்டும் இடத்தில் அப்பகுதியின் இரைச்சல் 62 டெசிபெலாயின், பின்புற ஒலி எவ்வளவு குறைந்திருந்தாலும் கருவி 62க்குக் கீழே இறங்காது. 18 டெசிபெல் எனக் காட்டும் வேறுபாடு பெட்டியின் எல்லையன்று, காற்றின் எல்லை. ஆகவே பெட்டியை ஒலிக்கவிடாமல் ஒருமுறை அளந்து அக்கோட்டையும் உடன் வரைவது நேர்மையான வரைபின் அடையாளமாகும்.

மூன்றாவது கேள்வி விலையைப் பற்றியது, பணவிலையை அல்ல. ஒலியை ஒலியால் அழிப்பதற்கு ஒலிப்பிகள் கூடுதலாக அசைய வேண்டும், அச்சுமை மீடிறன் தாழத் தாழ மிகும், அதனோடு ஒலியின் திரிபும் கூடும். எனவே மெல்லிய ஒலியில் எடுத்த திசை வரைபு எவ்வளவு சீராயினும், 86 டெசிபெலிலும் 96 டெசிபெலிலும் தனித்தனியே அளந்த திரிபு வரைபுகள் இல்லையெனில் அப்பெட்டி பற்றிய தீர்ப்பை நிறுத்திவைப்பதே முறை.

அகன்ற, தெறிப்புக் குறைந்த அறையில் பெட்டியைச் சுவரிலிருந்து வெகுவாகத் தள்ளி வைக்க இயலுமாயின் இதய வடிவத்தின் பயன் குறையும். ஒடுங்கிய சீமெந்து அறையிலோ, முன்திசைக் கோட்டில் காணும் 1 டெசிபெல் ஏற்றத்தாழ்வைவிட 145 ஹேர்ட்ஸில் பின்புறம் என்ன நிகழ்கிறது என்பதே தீர்மானிக்கும். 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே எந்த வடிவமும் காப்பாற்றாத அறையின் நிலையலைகளை அடுத்த இதழ் எடுத்துக்கொள்ளும்.