கறுப்புச் சொக்கலேட்டும் வீட்டுப் பலகாரமும்

சொக்கலேட் என்றதும் சிறுவர் மகிழ்வதும் பெரியோர் முகஞ்சுழிப்பதும் வழக்கம். அண்மைக் காலத்தில் இந்நிலை சற்றே மாறியுள்ளது. கறுப்புச் சொக்கலேட் இருதயத்துக்கு நன்மை பயக்கும் என்னும் செய்தி பரவிய பின், இனிப்பை ஒறுத்து வந்தோர் சிலரும் அதனை மருந்துபோல் உண்ணத் தலைப்பட்டுள்ளனர். இச்செய்தியில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என ஆராய்தல் நன்று.

கொக்கோ மரத்தின் தாயகம் தென்னமெரிக்கா. 1753இல் லின்னேயசு அதற்குச் சூட்டிய தியோபுரோமா என்னும் பெயருக்குத் தெய்வங்களின் உணவு என்பது பொருள். இலங்கையில் கோப்பிப் பயிர் நோயால் அழிந்த பின், மாத்தளை, கண்டிப் பகுதிகளில் இம்மரம் பரவலாயிற்று. இதன் விதையைப் புளிக்கவைத்து, உலர்த்தி, வறுத்து அரைத்தால் கைப்பும் நறுமணமும் பொருந்திய கூழ் கிடைக்கும். அதனுடன் கொக்கோக் கொழுப்பும் சீனியும் சேர்ந்ததே கறுப்புச் சொக்கலேட். பாற் சொக்கலேட்டிலோ கொக்கோ குறைவு; சீனி மிகுதி. உறையில் 70 வீதம் என அச்சிட்டிருப்பின், 100 கிராமில் 70 கிராம் கொக்கோவிலிருந்து வந்தது. எஞ்சியதிற் பெரும்பகுதி சீனி. வாங்குவோர் 'கறுப்பு' என்னும் சொல்லை நம்பாது அந்த எண்ணையே பார்த்தல் வேண்டும்.

நன்மைக்குக் காரணமாவன கொக்கோ விதையிலுள்ள பிளவனோல் என்னும் பொருள்கள். இரத்தக் குழாய்களின் உட்சுவர் நைத்திரிக்கொட்சைட்டை ஆக்குவதற்கு இவை துணைபுரிகின்றன. அதனாற் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. ஆயினும் பயனின் அளவு சிறிதே. 35 பரிசோதனைகளைத் தொகுத்து நோக்கிய 2017ஆம் ஆண்டு ஆய்வொன்றில், இரத்த அமுக்கம் சராசரியாக 2 மில்லிமீற்றர் இரச அளவுக்கும் குறைவாகவே தாழ்ந்தது. அமெரிக்காவில் முதியோர் 21,000 பேருக்கு மேற்பட்டோரிடம் நடந்த பரிசோதனையின் முடிவு 2022இல் வெளியாயிற்று. கொக்கோச் சாற்றை உட்கொண்டோரிடையே இருதய நோயால் நேரும் மரணம் குறைந்து காணப்பட்டது. எனினும் மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றின் மொத்தத் தொகை ஐயத்துக்கு இடமின்றிக் குறைந்ததெனக் கூற முடியவில்லை. அவர்கள் உட்கொண்டது உறையிலடைத்த சாறு. அதிற் சொக்கலேட்டின் சீனியுமில்லை, கொழுப்புமில்லை. கடைச் சொக்கலேட்டிலோ, வறுத்தலிலும் பிற பதப்படுத்தலிலும் பிளவனோலின் பெரும்பகுதி அழிந்துபோதல் கூடும்.

ஆகவே, வைத்தியர் கொடுத்த குளிசையை நிறுத்திவிட்டுச் சொக்கலேட்டை நம்புதல் பேதைமை. நீரிழிவு உடையோரும் கைப்பாயிருக்கிறதே என ஏமாறலாகாது.

இனி, இதனைச் சுவைத்தற்கு நல்ல வழி வீட்டிலே பலகாரமாக்குவதாகும். சீனியும் அளவும் செய்வோர் கையில் அடங்கும் என்பதே இதன் சிறப்பு. 70 வீதக் கறுப்புச் சொக்கலேட் 100 கிராமைச் சிறு துண்டுகளாக்குக. வறுத்துத் தோல் நீக்கிய கச்சான் 100 கிராம் எடுத்துக்கொள்க. அகன்ற பாத்திரத்தில் நீரைக் கொதிக்கவைத்து, நெருப்பைத் தணித்து, அதன்மேல் ஈரமற்ற கிண்ணமொன்றை அடி நீரிற் படாதவாறு வைத்து, அதிற் சொக்கலேட்டை இடுக. முக்காற்பங்கு உருகியதும் இறக்கிக் கிளறினால், எஞ்சியது தன் வெப்பத்திலேயே இளகும். ஒரு துளி நீர் விழுந்தாலும் கலவை திரண்டு கெட்டியாகிவிடும். முதன்முறை செய்வோர் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். கச்சானையும் உப்பு ஒரு சிட்டிகையும் சேர்த்து, எண்ணெய்த் தாளிற் சிறு கரண்டியால் 20 குவியல்களாக வைத்து ஆறவிடுக. மேலும் சீனி வேண்டியதில்லை. வறுத்த எள்ளோ, தேங்காய்த் துருவலோ சேர்த்தால் நம் நாவுக்கு இன்னும் இசையும்.

ஒரு துண்டின் சத்து ஏறக்குறைய 60 கலோரி. நாளொன்றுக்கு ஒன்றிரண்டு போதும். சொக்கலேட்டில் கோப்பியிலுள்ள கபீன் சிறிது உண்டாதலின், உறங்கப்போகும் பிள்ளைகளுக்குக் கொடாதிருத்தல் நன்று. வீட்டு நாய்க்கு அதிலுள்ள தியோபுரோமின் நஞ்சாகும். ஆதலால் எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும். கொக்கோக் கொழுப்பு 34 பாகை செல்சியசு அளவில் உருகுவது. நம் கோடை வெயிலில் இளகி மீண்டும் உறைந்தால் மேலே வெண்மை படரும்; அது பூஞ்சணமன்று, உண்ணத் தக்கதே.