இயந்திரத்தின் துடிப்பை அறிவோம்

மருத்துவர் நோயாளியின் நாடியைப் பார்க்கிறார். நோயின் காரணத்தை ஆராய்கிறார். அதன்பின்னரே மருந்து தருகிறார். திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் வற்புறுத்தும் இம்முறை மனித உடலுக்கு மட்டும் உரியதன்று. பெட்ரோலில் ஓடும் மகிழுந்தின் இயந்திரத்திற்கும் அது பொருந்தும்.

சீரான துடிப்பு

மகிழுந்து இயந்திரத்தின் ஒவ்வொரு சிலிண்டரிலும் உறிஞ்சுதல், அழுத்துதல், எரிதல், வெளியேற்றுதல் என்னும் நான்கு செயல்கள் மாறிமாறி நிகழ்கின்றன. ஜெர்மனியைச் சேர்ந்த நிக்கோலஸ் ஓட்டோ 1876ஆம் ஆண்டில் இம்முறையில் இயங்கும் இயந்திரத்தை உருவாக்கினார். நின்றிருக்கும் வண்டியின் இயந்திரம் நிமிடத்திற்கு 800 முறை சுழல்வதாகக் கொள்வோம். இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை என ஒவ்வொரு சிலிண்டரிலும் 400 முறை எரிதல் நிகழும். நான்கு சிலிண்டர்களிலும் சேர்த்து 1600 முறை நிகழும். ஒரு சிலிண்டர் தன் முறையைத் தவறவிட்டால் வண்டி குலுங்கும், இழுவிசை குறையும், ஓசை தாளம் தப்பும். இக்குறையை ‘மிஸ்ஃபயர்’ என்பர்.

மூன்று தேவைகள்

சிலிண்டரில் எரிதல் நிகழ மூன்று தேவை. அவை சரியான அளவில் கலந்த காற்றும் பெட்ரோலும், போதிய அழுத்தம், உரிய நேரத்தில் தீப்பொறி என்பன. ஸ்பார்க் பிளக் தேய்ந்தாலும், அதற்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் பழுதானாலும் தீப்பொறி குன்றும். மழைநீர் பிளக் குழிக்குள் புகுந்தாலும் அவ்வாறே ஆகும். இன்ஜெக்டர் அடைபட்டால் கலவை கெடும். வால்வோ பிஸ்டன் வளையமோ தேய்ந்தால் அழுத்தம் குறையும்.

புறக்கணித்தால் நேர்வது

எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே சென்று, புகையைத் தூய்மைப்படுத்தும் வினையூக்கி மாற்றியில் எரிகிறது. அவ்வெப்பத்தால் மாற்றியின் உட்பகுதி உருகிச் சிதையக்கூடும். அதில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் உள்ளன. ஆகவே, ஒரு பிளக்கை மாற்றத் தயங்கியவர் அதைவிடப் பன்மடங்கு செலவுக்கு ஆளாவார். இயந்திர எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு மின்னினால், வேகத்தைக் குறைத்து வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துதல் வேண்டும்.

ஆராயும் முறை

இன்றைய மகிழுந்துகளில் உள்ள கணினி, எந்தச் சிலிண்டரில் எரிதல் தவறியது என்பதைப் பதிவு செய்கிறது. சிறு ஸ்கேனர் கருவியை இணைத்து அதனைப் படிக்கலாம். பி0301 என்பது முதல் சிலிண்டரையும், பி0302 என்பது இரண்டாவதையும் குறிக்கும். பி0300 எனில், குறை ஒரே சிலிண்டரில் நிலைகொள்ளவில்லை என்பது பொருள்.

தில்லியில் ஒரு குடும்பத்தின் மகிழுந்தில் பி0301 தோன்றியதாகக் கொள்வோம். அவ்வண்டியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் காயில் உண்டு. முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதிலும், இரண்டாவதன் காயிலை முதலாவதிலும் பொருத்த வேண்டும். பின்னர்ப் பழைய பதிவை அழித்துவிட்டு இயந்திரத்தை இயக்க வேண்டும். இப்பொழுது பி0302 தோன்றினால், குறை காயிலோடு இடம் மாறியது என்பது தெளிவு. ஆகவே, காயிலே பழுது. மீண்டும் பி0301 தோன்றினால், அடுத்துப் பிளக்குகளை அவ்வாறே மாற்றிப் பார்க்க வேண்டும். குறை அப்போதும் நகரவில்லையெனில், இன்ஜெக்டரையும் அழுத்தத்தையும் பணிமனையில் சோதிக்க வேண்டும். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுதல் இம்முறையின் உயிர்நாடி. இரண்டையும் ஒருங்கே மாற்றினால், எது பழுது என்பது விளங்காது.

கழற்றிய பிளக்கும் செய்தி சொல்லும். அதன் முனை இளம்பழுப்பாக இருந்தால் எரிதல் சீரானது. கரும்புகை படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய் படிந்திருந்தால் உள்ளே எண்ணெய்க் கசிவு. வெளுத்துக் கொப்பளித்திருந்தால் மிகுவெப்பம்.

எச்சரிக்கை

காயிலில் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் உண்டாகும். எனவே, இயந்திரத்தை நிறுத்தி, அது முற்றிலும் குளிர்ந்த பின்னரே பெரியவர் துணையுடன் அதைத் தொட வேண்டும். புகையில் நச்சு வாயு இருப்பதால் மூடிய கொட்டகையில் இயந்திரத்தை இயக்கலாகாது. பிளக்கை அளவுக்கு மீறி முறுக்கினால் அலுமினிய மரை சிதைந்துவிடும்.

காரணம் அறியாமல் உதிரிப்பாகங்களை வாங்கிக் குவிப்பவர் பொருளை இழப்பார். ஐயுற்று, ஆராய்ந்து, தெளிந்து செயற்படுபவரே குறையை உண்மையாகத் தீர்ப்பார்.

பயிற்சி

1. சிலிண்டரில் எரிதல் நிகழத் தேவையானவை யாவை?
2. காயிலையும் பிளக்கையும் ஒரே நேரத்தில் மாற்றலாகாது. ஏன்?
3. ஒரு வண்டியில் பி0303 தோன்றியது. மூன்றாம், நான்காம் சிலிண்டர்களின் காயில்களை இடம் மாற்றிய பின்னும் அதுவே தோன்றியது. அடுத்துச் செய்ய வேண்டியது யாது?
4. பிரித்து எழுதுக: தீப்பொறி, மின்னழுத்தம், இளம்பழுப்பு.