வீட்டுக் கணினி – 11: கிணறும் மோட்டாரும்

எங்கள் பக்கத்தில் தோட்டத்துக்கு மோட்டார் வாங்கப் போகிறவர், கடைக்குப் போகும் முன் கிணற்றைத்தான் பார்ப்பார். எத்தனை மணி நேரம் இறைத்தால் தண்ணீர் அடிக்குப் போகிறது, மறுபடி ஊற எவ்வளவு நேரமாகிறது, எத்தனை ஏக்கர் நனைய வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மூன்று குதிரைத்திறன் போதுமான கிணற்றில் ஏழரையை இறக்க மாட்டார். இறக்கினால் கால் மணி நேரத்தில் அது காற்றைத்தான் இழுக்கும். நல்ல ஊற்றுள்ள கிணற்றில் அரைக் குதிரைத்திறன் மோட்டாரையும் வைக்க மாட்டார். கிணறு தளும்பி நிற்க, பயிர் வாடும்.

அதே மனிதர் தன் பிள்ளைக்குக் கணினி வாங்கும்போது மட்டும் இந்தக் கணக்கு எங்கே போய்விடுகிறது என்பதுதான் என் ஆற்றாமை.

போன மாதம் வாசுதேவநல்லூர் போயிருந்தேன். அண்ணன் மகன் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறான். வீட்டுக்குள் கால் வைத்ததுமே கையைப் பிடித்து இழுத்துப் போனான்.

“கேம் நின்னு நின்னு ஓடுது சித்தப்பா. ஐ7 போட்டும் இப்படி இருக்கு.”

பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே இன்டெல் கோர் ஐ7 12700. 12 கோர், 20 த்ரெட். எடிட்டிங் ஸ்டூடியோவில் வைத்தாலும் சோடை போகாத பிராசஸர். அதன் கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு கிராபிக்ஸ் கார்டு: ஜிடி 1030, 2 ஜிபி. 2017இல் வெளிவந்தது, திரையில் படம் காட்டவும் வீடியோ பார்க்கவும் சின்னச் சின்ன விளையாட்டுகளுக்கும் போதும் என்று செய்யப்பட்டது. அதில் 384 கணக்கீட்டு அலகுகள். 2021இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060இல் 3,584. தலைமுறை வேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தக் கூடாதுதான். ஆனாலும் தூரம் தெரிகிறதல்லவா? அவன் ஓட்டப் பார்த்தது ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2.

அண்ணன் வாசல்படியில் நின்றபடி சொன்னார்: “கடையில கேட்டேன்டா. இதான் பெருசுன்னாங்க. கிராபிக்ஸ் கார்டும் உண்டுன்னாங்க.” எலுமிச்சை விற்ற காசு அது. கடைக்காரர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஐ7 பெரியது, கார்டும் இருக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று அண்ணனுக்குக் கேட்கத் தெரியவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

பிராசஸர் பெயரைக் கேட்டே கணினி வாங்கும் பழக்கம் நமக்கு எப்படி வந்தது? 1991இல் இன்டெல் தன் பெயரைக் கணினிப் பெட்டியின் முகப்பிலேயே ஒட்ட வைக்கும் விளம்பரத்தைத் தொடங்கியது. பிறகு பிரவுசிங் சென்டர் காலத்தில் “பென்டியம் ஃபோரா?” என்பதுதான் நாம் கேட்ட ஒரே கேள்வி. அப்போதைக்கு அது தப்பான கேள்வியும் அல்ல. 1993இல் வந்த டூம் விளையாட்டில் சுவர், கதவு, பூதம் எல்லாவற்றையும் வரைந்தது பிராசஸர்தான். 1996இல் வூடூ கார்டு வந்து அந்த வேலையில் ஒரு பகுதியைப் பிடுங்கிக்கொண்டது. 1999இல் என்விடியா தன் ஜீஃபோர்ஸ் 256ஐ ‘ஜிபியு’ என்று பெயர் சூட்டி விற்றது. உருவங்களின் வடிவக் கணக்கையும் அந்தக் கார்டே எடுத்துக்கொண்டது. அன்று தொடங்கி, வரைகிற பாரம் முழுவதும் கார்டின் தோளில்தான். கடையில் நம் கேள்வி மட்டும் மாறவில்லை.

இன்றைக்கு வேலை இப்படிப் பிரிகிறது. திரையில் தெரியும் ஒவ்வொரு பிரேமுக்கும் முன்னால், குதிரை எங்கே நிற்கிறது, குண்டு யார் மேல் பட்டது, எதிரி எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று பிராசஸர் கணக்குப் போட்டு, ‘இதை வரை’ என்று கார்டுக்குக் கட்டளைப் பட்டியல் அனுப்புகிறது. கார்டு அதை வாங்கி ஒவ்வொரு புள்ளியாக நிறம் தீட்டுகிறது. நொடிக்கு 60 பிரேம் வேண்டுமென்றால் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி. 144 வேண்டுமென்றால் 6.9 மில்லிநொடிதான். இரண்டு பேரில் யார் பிந்தினாலும் பிரேம் பிந்தும். பிராசஸர் கிணற்று ஊற்று, கார்டு மோட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊற்று எவ்வளவு பெருகினாலும் மோட்டார் இழுக்கிற அளவுதான் வாய்க்காலுக்கு வரும்.

வயலின் அளவு எது? மானிட்டர். 1920க்கு 1080 திரையில் 20,73,600 புள்ளிகள். 2560க்கு 1440 என்றால் 36,86,400. 4கே என்றால் 82,94,400. முதலாவதைப் போல் சரியாக நான்கு மடங்கு. திரை பெரிதாகும்போது கார்டின் வேலை இப்படி ஏறுகிறது. பிராசஸரின் வேலையோ ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும், ஏனென்றால் குதிரை எந்தத் திரையிலும் ஒரே இடத்தில்தான் நிற்கிறது. அதனால்தான் இந்தத் தொடரில் பிராசஸருக்கு முன்பே மானிட்டரைப் பற்றி எழுதினேன். முதலில் திரை, பிறகு என்ன விளையாட்டு, பிறகு கார்டு, அந்தக் கார்டுக்குத் தீனி போடுமளவு பிராசஸர். வரிசை இதுதான். கடைகளில் நடப்பது தலைகீழ்.

யார் பிந்துகிறார் என்று கண்டுபிடிப்பது எளிது. விளையாட்டை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்தோம். கார்டு 99 சதவீதம். பிராசஸர் பத்துக்குப் பக்கம்.

இங்கே ஒரு பொறி உண்டு. விவரம் தெரிந்தவர்களும் இதில் விழுகிறார்கள். பிராசஸர் 30 சதவீதம்தான் காட்டுகிறது, அதனால் அதன் மேல் குற்றமில்லை என்பார்கள். அந்த எண் எல்லாத் த்ரெட்டுகளின் சராசரி. 20 த்ரெட் உள்ள பிராசஸரில் ஒன்று மட்டும் மூச்சு முட்ட ஓடினாலும் மொத்தத்தில் அது 5 சதவீதமாகத்தான் தெரியும். பல விளையாட்டுகளில் முக்கியக் கணக்கு அந்த ஒன்றிரண்டு த்ரெட்டில்தான் நடக்கிறது. ஆகவே பிராசஸர் எண்ணை விட்டுவிட்டுக் கார்டின் எண்ணைப் பாருங்கள். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை பிரேம்) வரம்பு எதுவும் வைக்காத நிலையில் கார்டு 95க்கு மேல் நின்றால் கார்டுதான் எல்லை. 60, 70 என்று தத்தளித்தால் பெரும்பாலும் பிராசஸர் பின்தங்குகிறது.

அப்படிப் பின்தங்கிய பெட்டியையும் இந்தப் பயணத்தில் பார்த்தேன். அண்ணன் மகனின் நண்பன் ஒருவன், பழைய ஆபீஸ் சிஸ்டம் ஒன்றை மலிவாக வாங்கி அதில் ஆர்டிஎக்ஸ் 3060 மாட்டியிருந்தான். உள்ளே இருந்தது ஐ5 2400. 2011ஆம் ஆண்டுப் பிராசஸர். நான்கு கோர், நான்கே த்ரெட். சராசரி எஃப்பிஎஸ் பார்க்க அழகாக இருக்கும், கூட்டமான தெருவுக்குள் நுழைந்ததும் படம் வெட்டி வெட்டி இழுக்கும். அது போக, விண்டோஸ் 11 அந்தப் பிராசஸரை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. அண்ணன் செய்த தவறு ஒரு முனை, இந்தப் பையன் செய்தது மறுமுனை. இரண்டில் பின்னதையே நான் மன்னிப்பேன். அந்தக் கார்டைக் கழற்றி நாளைக்கு நல்ல பெட்டியில் மாட்டலாம்; வேலையில்லாமல் கிடக்கும் ஐ7இன் மிச்சக் கோர்களைக் கழற்றி எங்கும் மாட்ட முடியாது.

“அப்ப ரெண்டுக்கும் சரிபாதியா போட்டுருந்தா சரியா வந்திருக்குமோ?” என்று கேட்டார் அண்ணன். சரிபாதி எங்கள் ஊருக்குக் கோயிலிலேயே பழகிய சொல். சிந்தாமணிநாதர் கோயிலில் அர்த்தநாரீஸ்வரர் கோலம். சங்கரன்கோவில் போனால் சங்கரநாராயணர். ஆனால் விளையாட்டுக் கணினியில் சரிபாதி ஆகாது. மானிட்டரைத் தவிர்த்துப் பெட்டிக்கு 100 ரூபாய் என்றால், பெரிய கதை விளையாட்டுகள் ஆடுகிறவர் 40 ரூபாயைக் கார்டுக்கும் 18 ரூபாயைப் பிராசஸருக்கும் வையுங்கள். மீதி 42இல் மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கேபினட் எல்லாம் வர வேண்டும். இது நான் பல பெட்டிகளைக் கட்டிப் பார்த்து வந்து சேர்ந்த கணக்கு. கார்டின் விலை பிராசஸர் விலையைப் போல் இரண்டு, இரண்டேகால் மடங்கு இருக்கட்டும். ஐ5 12400எஃப் அல்லது ரைசன் 5 5600, கூடவே ரேடியான் ஆர்எக்ஸ் 6600 என்று அண்ணன் கேட்டிருந்தால், அந்த ஐ7க்கும் ஜிடி 1030க்கும் கொடுத்த பணத்துக்குள்ளேயே முடிந்திருக்கும். 1080 திரைக்கு அது தாராளம்.

வேலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 ஆடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். அவர்கள் அழகைக் குறைத்து வைத்து வேகத்தைக் கேட்பவர்கள். வரைய வேண்டியது குறைவு, நொடிக்கு 200 பிரேம் வேண்டும் என்றால் நெருக்கடி பிராசஸருக்குத்தான். அங்கே கார்டுக்கு 30, பிராசஸருக்கு 25 என்று நெருங்கி வரலாம். பெரிய கேஷ் நினைவகம் உள்ள பிராசஸருக்கு இங்கே மதிப்பு அதிகம். ரைசன் 5 5600இல் 32 எம்பி எல்3 கேஷ். பெயரில் ஓர் எழுத்து மட்டும் கூடிய 5600ஜியில் 16 எம்பிதான். ‘ஜி’ என்றால் உள்ளேயே கிராபிக்ஸ் உண்டு. தனிக் கார்டு இப்போதே வாங்கப் போகிறவர் அந்த ஜிக்குக் காசு கொடுப்பது வீண். பின்னால் வாங்கலாம் என்றிருப்பவருக்கு அதுவே துணை.

எழுத்துகளைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஸ்டூடியோக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சங்கரன்கோவில், புளியங்குடிப் பக்கம் பகலில் கல்யாண வீடியோ எடிட்டிங், இரவில் கேம் என்று ஒரே பெட்டியை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்டெல் பிராசஸரின் பெயர் முடிவில் ‘எஃப்’ இருந்தால் உள்கிராபிக்ஸ் கிடையாது; வீடியோவை விரிக்கவும் சுருக்கவும் அதிலுள்ள குவிக் சின்க் வசதியும் கிடையாது. இப்போதைய கேமராக்கள் பதிவு செய்யும் 10 பிட் 4:2:2 எச்265 வீடியோவைச் சிக்காமல் விரித்துக் காட்டுவது 12ஆம் தலைமுறை இன்டெலில் அந்த உள்கிராபிக்ஸ்தான். என்விடியா கார்டுகளில் இந்த வசதி 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் சேர்ந்தது. ஆகவே எடிட்டிங் செய்கிறவர் கொஞ்சம் கூடக் கொடுத்து எஃப் இல்லாததை வாங்குவது செலவே அல்ல.

அண்ணன் மகன் பெட்டிக்கு என்ன செய்தோம்? ஐ7 அப்படியே இருக்கட்டும் என்று விட்டோம். ஜிடி 1030ஐக் கழற்றிவிட்டு ஆர்எக்ஸ் 6600 மாட்டலாம் என்றால், கேபினட்டோடு வந்த பெயரில்லாத எஸ்எம்பிஎஸ்ஸில் 8 பின் வயரே இல்லை. கார்டு இழுப்பது 132 வாட். ஏஎம்டி கேட்பது 450 வாட் எஸ்எம்பிஎஸ். மின்சாரம் ஏறி இறங்கும் ஊரில் கார்டையும் பிராசஸரையும் காப்பது அதுதான். ஆகவே 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை உள்ளதாக ஒன்று வாங்கினோம். அந்தச் செலவு முன்பே திட்டமிட்டிருந்தால் மிச்சம். இப்போது ரெட் டெட் தடையில்லாமல் ஓடுகிறது; அவன் அம்மாவுக்குத்தான் இப்போது கவலை.

கையிலிருந்தது போக மீதியைச் சமாளிக்க, கார்டைப் பழையதாக வாங்கினோம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயத்துக்குக் கார்டு வைத்துத் தோண்டும் முறை நின்றபோது, இரவு பகலாக ஓடிய கார்டுகள் பழைய சந்தைக்குக் குவியலாக வந்தன. அவை இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. எல்லாமே கெட்டவை அல்ல. ஆனால் பழைய கார்டு வாங்கும் தம்பிகளே, கூரியரில் வாங்காதீர்கள். திருநெல்வேலியோ மதுரையோ, நேரில் போங்கள். உங்கள் கண் முன் அரை மணி நேரம் ஏதாவது பெரிய விளையாட்டை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். விசிறி எல்லாம் சுற்றுகிறதா, திரையில் புள்ளி கோடு விழுகிறதா, சூடு எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். பழைய பில் இருந்தால் கேட்டு வாங்குங்கள். வாரண்டி மிச்சமிருந்தால் அதுதான் ஆதாரம். ஓட்டிக் காட்ட மறுக்கிறவரிடம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்காமல் பஸ் ஏறிவிடுங்கள்.

(தொடரும்)